வளவு முழுவதற்கும் வைஃபை: ஆட்கள் நிறைந்த வீட்டுக்கு ரவுட்டர் தெரிவுசெய்யும் முறை

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கரையோர ஊர்களில் ஓர் இணைய இணைப்பை ஒரு குடும்பம் மட்டும் பயன்படுத்தும் வீடுகள் குறைவு. தாய் தகப்பன் இருக்கும் பழைய வீடு, அதே வளவில் மூத்த மகளுக்குச் சீதனமாகக் கட்டிக்கொடுத்த வீடு, அதன் மேல்மாடியில் இளைய மகளுக்கென்று எழும்பிக்கொண்டிருக்கும் அறைகள் என்று எல்லாவற்றுக்கும் முன் விறாந்தையில் வைத்த ஒரே பெட்டியிலிருந்துதான் வைஃபை போகிறது. மாலை ஏழு மணிக்கு மேல் உயர்தரம் படிக்கும் பிள்ளை இணையவழி வகுப்பில் இருக்கும். கட்டாரிலோ சவூதியிலோ வேலை செய்யும் மருமகன் காணொளி அழைப்பில் வருவார். தொலைக்காட்சியில் யூடியூப் ஓடும். வாசலிலுள்ள கேமரா இடைவிடாமல் படம் அனுப்பிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் எல்லாமே இழுபடத் தொடங்கினால், அடுத்த நாளே கடைக்குப் போய் அதிக அன்டெனா உள்ள பெட்டியை வாங்கி வருவதுதான் வழக்கம். அப்படி வாங்கியும் பின் அறையில் நிலைமை மாறாத வீடுகள் ஏராளம். எங்கள் பகுதியின் பெரும்பாலான வளவுகளுக்கு ஒரு விலையுயர்ந்த பெரிய ரவுட்டரைவிட, கேபிளால் ஒன்றோடொன்று இணைத்த நடுத்தர விலையுள்ள இரண்டு பெட்டிகளே நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஆயினும் அந்த முடிவுக்கு வருமுன் சில விடயங்களை அளந்து பார்க்கவேண்டும்.

குறை எங்கே இருக்கிறது?

மடிக்கணினி ஒன்றை நெட்வேர்க் கேபிளால் இப்போதுள்ள ரவுட்டரில் நேரடியாக இணைத்து, வீட்டார் எல்லோரும் இணையத்தில் இருக்கும் இரவு நேரத்திலும், ஒருவரும் இல்லாத விடியற்காலையிலும் வேகத்தைச் சோதித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கைத்தொலைபேசியை ரவுட்டருக்கு இரண்டு மீற்றர் தூரத்தில் வைத்து 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபையில் (ரவுட்டர் பொதுவாகத் தரும் 2.4, 5 என்ற இரண்டு அலைவரிசைகளில் வேகமானது) அதே சோதனையைச் செய்யுங்கள். கடைசியாக, முறைப்பாடு வரும் அறைக்குள் நின்று ஒருமுறை செய்யுங்கள்.

கேபிளில் சோதித்தபோதே, விடியற்காலையிலும்கூட, வேகம் குறைவாக இருந்தால் எந்த ரவுட்டராலும் அதைக் கூட்ட முடியாது. இணைப்பை வழங்கும் நிறுவனத்தோடு பேசவேண்டும் அல்லது பொதியை மாற்றவேண்டும். மாதத்துக்குரிய டேட்டா அளவு முடிந்தபின் வேகத்தைக் குறைத்துவிடும் பொதிகளும் உண்டு என்பதால், மாதக் கடைசியில் மட்டும் வரும் தொல்லைக்கு ரவுட்டரைக் குற்றம் சொல்லக்கூடாது. கேபிளில் நல்ல வேகம் கிடைத்து, ரவுட்டருக்குப் பக்கத்திலும் நன்றாக இருந்து, பின் அறையில் மட்டும் விழுந்துபோனால், சுவர்களும் தூரமும்தான் காரணம். பக்கத்தில் நின்றாலும் ஆட்கள் கூடும் நேரத்தில் மட்டும் வைஃபை விழுந்து, கேபிளில் அப்போதும் வேகம் குறையாமல் இருந்தால், ரவுட்டரால் சுமையைத் தாங்க முடியவில்லை அல்லது அயல் வீட்டு வைஃபைகள் இடைஞ்சல் செய்கின்றன.

நான்காவது நிலை ஒன்று உண்டு. அதுதான் அதிகம் கவனிக்கப்படாமல் போகிறது. வேகச் சோதனையில் எண் நன்றாகவே இருக்கும். ஆனால் யாராவது ஒருவர் படங்களைக் கூகுள் சேமிப்பில் ஏற்றத் தொடங்கியதும் மற்றவரின் காணொளி அழைப்பு உறைந்துபோகும். இதைக் கண்டுபிடிக்க ஃபாஸ்ட்.காம் என்ற சோதனைத் தளத்தில் கூடுதல் விபரங்களைத் திறந்து, சுமையில்லாத நேரத் தாமதத்தையும் சுமையுள்ள நேரத் தாமதத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதலாவது 20 மில்லிவிநாடியாகவும் இரண்டாவது 300 மில்லிவிநாடியாகவும் இருந்தால், உங்கள் வீட்டுக்குத் தேவைப்படுவது வேகமான ரவுட்டர் அன்று, வரிசையை ஒழுங்காக நடத்தத் தெரிந்த ரவுட்டர். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

வீட்டுக்கு வரும் இணைப்பு எந்த வகை?

கடையில் ஒரே தட்டில் அடுக்கியிருந்தாலும் எல்லாப் பெட்டியும் எல்லா இணைப்புக்கும் பொருந்தாது. ஃபைபர் இணைப்பாயின், நிறுவனம் சுவரில் பொருத்தித் தந்த பெட்டி அப்படியே இருக்கவேண்டும். அதன் ஒரு துளையிலிருந்து கேபிளை எடுத்து, நீங்கள் வாங்கும் ரவுட்டரின் ‘வான்’ எனக் குறித்த துளையில் செருகவேண்டும். பிறகு பழைய பெட்டியின் வைஃபையை நிறுத்திவிடலாம். அந்தப் பெட்டியிலேயே லான்ட் போனும், பியோ டிவி போன்ற தொலைக்காட்சிச் சேவையும் இணைக்கப்பட்டிருந்தால் அவற்றின் கேபிள்களை இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். புதிய ரவுட்டருக்கு மாற்றினால் அவை வேலை செய்யாமல் போகலாம்.

பழைய செப்புத் தொலைபேசிக் கம்பியில் வரும் ஏடிஎஸ்எல் இணைப்பு இன்னும் உள்ள வீடுகளில், தொலைபேசிக் கம்பி செருகும் துளை இல்லாத ரவுட்டரை வாங்கினால் பழைய மோடத்தையும் கூடவே வைத்திருக்கவேண்டும். அந்த இணைப்பு தரும் வேகத்துக்கு விலையுயர்ந்த ரவுட்டர் வீண்செலவு. உங்கள் தெருவுக்கு ஃபைபர் வந்துவிட்டதா என்று முதலில் விசாரியுங்கள்.

படுவான்கரைப் பக்கத்திலும், வாகரை, திருக்கோவில், பொத்துவில் ஆகியவற்றின் உட்கிராமங்களிலும் பல வீடுகளுக்கு 4ஜி ஒன்றே வழி. அங்கே வைஃபையைவிடக் கோபுரத்திலிருந்து வரும் அலைதான் முதன்மையானது. சிம் போடும் ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தால் கோபுரத்து அலையின் பலத்தைக் காட்டும் ஆர்எஸ்ஆர்பி என்றொரு எண் இருக்கும். அது கழித்தல் 90 அல்லது அதைவிடப் பூச்சியத்துக்குக் கிட்டவாக இருந்தால் நல்லது. கழித்தல் 110ஐத் தாண்டிப் போனால் மிகவும் பலவீனம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு யன்னலாக நடந்து, இந்த எண் எங்கே நன்றாக இருக்கிறதோ அங்கே வையுங்கள். தகரக் கூரை உள்ள வீட்டில் நடு அறைக்கும் யன்னலோரத்துக்கும் பெரிய வேறுபாடு தெரியும், ஏனென்றால் தகரம் அலையைத் திருப்பிவிடும். யன்னலோரத்தில் வைத்த 4ஜி பெட்டியால் வீடு முழுவதற்கும் வைஃபை தர முடியாவிட்டால், அதிலிருந்து ஒரு கேபிளை நடு வீட்டுக்கு இழுத்து அங்கே தனி வைஃபை ரவுட்டரைப் பொருத்துவதே சரியான ஒழுங்கு. 4ஜி பெட்டியைத் தனியே வாங்குவோர், உங்கள் நிறுவனம் பயன்படுத்தும் அலைவரிசைகளை அது ஏற்குமா என்றும், வீட்டு இணையத்துக்கான சிம் வேறு பெட்டியில் வேலை செய்யுமா என்றும் நிறுவனத்திடமே கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். வளைகுடாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் 4ஜி பெட்டிகளில் பல, அந்த நாட்டு நிறுவனத்தின் சிம்முக்கு மட்டுமே பூட்டப்பட்டவை.

பெட்டியில் அச்சிட்ட எண்களை வாசிக்கும் முறை

ஏஎக்ஸ் 1500, ஏஎக்ஸ் 1800, ஏஎக்ஸ் 3000, ஏஎக்ஸ் 5400 என்று பெட்டியில் போட்டிருக்கும். ஏஎக்ஸ் என்பது வைஃபை 6 தலைமுறையைக் குறிக்கும். இதற்கான சான்றளிப்பு 2019இல் தொடங்கியது. அதற்கு முன்னையது ஏசி எனப்படும் வைஃபை 5, பின்னையது 2024 ஜனவரியில் சான்றளிப்புத் தொடங்கிய வைஃபை 7. எழுத்துக்குப் பக்கத்திலுள்ள எண், அந்தப் பெட்டியின் எல்லா அலைவரிசைகளின் உச்ச வேகங்களையும் கூட்டிய தொகை. ஏஎக்ஸ் 3000 என்றால் 2.4 கிகாஹேர்ட்ஸில் 574, 5 கிகாஹேர்ட்ஸில் 2402, ஆகக் கூட்டுத்தொகை ஏறத்தாழ 3000 மெகாபிட். ஒரு கைத்தொலைபேசி ஒரு நேரத்தில் பொதுவாக ஓர் அலைவரிசையில்தான் பேசும் என்பதால் இந்தக் கூட்டுத்தொகை எவருக்கும் கிடைப்பதில்லை.

அந்த 2402 என்ற எண்ணும் அலைத்தடத்தில் 160 மெகாஹேர்ட்ஸ் அகலத்தைப் பயன்படுத்தினால் மட்டுமே வரும். நம் கையிலுள்ள பல கைத்தொலைபேசிகள் 80 மெகாஹேர்ட்ஸுக்கு மேல் போகமாட்டா. அவற்றுக்கு உச்சம் 1201. அதுவும் காற்றில் பேசும் வேகமே தவிர, சோதனையில் காணும் வேகம் ரவுட்டருக்குப் பக்கத்திலேயே அதன் பாதியை ஒட்டியோ சற்றுக் கூடவோதான் இருக்கும். ஆகவே உங்கள் ஃபைபர் பொதி விநாடிக்கு 100 மெகாபிட் என்றால், ஏஎக்ஸ் 1800க்கும் ஏஎக்ஸ் 5400க்கும் இடையே முன் விறாந்தையில் எந்த வேறுபாடும் தெரியாது. ஏஎக்ஸ் 5400 பெட்டியில் கூடுதலாக இருப்பது நான்கு அலைத்தொடர்களை ஒரே நேரத்தில் கையாளும் திறன். கைத்தொலைபேசிகளில் பெரும்பாலும் இரண்டுதான் இருக்கும் என்பதால், தூரத்துச் சாதனத்தைச் சற்றுத் தெளிவாகக் கேட்கவே அந்தக் கூடுதல் அன்டெனாக்கள் உதவும். அன்டெனா கூடினால் அலையின் பலமும் அதே அளவில் கூடும் என்று கடைக்காரர் சொன்னால் அதை ஏற்கவேண்டாம். வெளிவிடும் பலத்துக்குச் சட்ட வரம்பு உண்டு.

என் பரிந்துரை ஏஎக்ஸ் 1800 முதல் ஏஎக்ஸ் 3000 வரையான வைஃபை 6 பெட்டிகள். வைஃபை 5 பெட்டியை இப்போது புதிதாக வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. வைஃபை 7க்குக் கூடுதல் பணம் கொடுப்பதும், வீட்டிலுள்ள கைத்தொலைபேசிகளும் மடிக்கணினிகளும் அந்தத் தலைமுறைக்கு வரும்வரை தேவையற்றது. வைஃபை 7 பெட்டிகள் பல கூடுதலாகத் தரும் 6 கிகாஹேர்ட்ஸ் அலை சுவரைக் கடப்பதில் 5 கிகாஹேர்ட்ஸைவிடவும் பலவீனமானது. அறைக்கு அறை கற்சுவர் உள்ள வீட்டில் அது அடுத்த அறைக்குப் போய்ச் சேர்வதே கடினம்.

எண்ணைவிட முக்கியமாகப் பார்க்கவேண்டியது பின்பக்கத்துத் துளைகளை. ஏசி 1200 என்று போட்ட மலிவான பெட்டிகள் பலவற்றில் கேபிள் துளைகள் 100 மெகாபிட் வகையானவை. வைஃபை எவ்வளவு வேகமானதாயினும் அந்தத் துளையால் வருவது ஏறத்தாழ 94 மெகாபிட்தான். வான் துளையும் மற்றத் துளைகளும் கிகாபிட் வகையா என்பதைப் பெட்டியிலுள்ள விபரத்தில் வாசித்து உறுதிசெய்யுங்கள். நினைவகம் 256 மெகாபைட்டுக்குக் குறையாமல் இருப்பது, முப்பது நாற்பது சாதனங்கள் ஏறும் வீட்டில் பயன் தரும்.

ஆட்கள் கூடினால் ஏன் இழுபடுகிறது?

வைஃபையில் ஓர் அலைத்தடத்தில் ஒரு நேரத்தில் ஒரு சாதனம்தான் பேசலாம். பின் வளவில் இருக்கும் பழைய கைத்தொலைபேசி பலவீனமான அலையில் மெதுவாகப் பேசும்போது, அது பேசி முடிக்கும்வரை பக்கத்தில் இருக்கும் புதிய மடிக்கணினியும் காத்திருக்கவேண்டும். ஒரு நேரத்தில் ஒரு திசை வாகனம் மட்டுமே போகக்கூடிய பழைய கல்லடிப் பாலத்தில், முன்னால் மாட்டுவண்டி போனால் பின்னால் வந்த காரும் அதே வேகத்தில்தான் போகவேண்டியிருந்தது போன்றது இது. வைஃபை 6 இந்தத் தடத்தைச் சிறு பங்குகளாகப் பிரித்து ஒரே நேரத்தில் பல சாதனங்களுக்குக் கொடுக்க வல்லது. ஆனால் அந்தச் சாதனங்களும் வைஃபை 6 ஆக இருந்தால்தான் இந்த வசதி கிடைக்கும். பழைய சாதனங்கள் நிறைந்த வீட்டில் உறுதியான வழி, தூரத்தில் இருப்பவற்றுக்குப் பக்கத்திலேயே ஒரு பெட்டியை வைப்பதுதான். பலமான அலை கிடைத்தால் பழைய கைத்தொலைபேசியும் விரைவாகப் பேசி முடித்துவிடும். இரண்டு பெட்டிகளை நான் வலியுறுத்துவதற்கு முதற்காரணம் இதுவே.

அயல் வீடுகளின் இடைஞ்சலையும் மறக்கலாகாது. காத்தான்குடி, சாய்ந்தமருது, கல்முனை போன்று மதிலோடு மதில் ஒட்டிய ஊர்களில் கைத்தொலைபேசியைத் திறந்தால் இருபது வைஃபைப் பெயர்கள் தெரியும். 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றையொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என்ற மூன்றுதான். அங்கே அகலத்தை 20 மெகாஹேர்ட்ஸில் வைத்து, வைஃபை ஆராயும் செயலி ஒன்றால் பார்த்து, மூன்றில் நெருக்கடி குறைவாக உள்ளதைத் தெரிவுசெய்யுங்கள். 3 அல்லது 9 போன்ற இடைத் தடங்களைப் போட்டால் இரு பக்கத்தாருடனும் மோதும். தொலைக்காட்சி, மடிக்கணினி, வகுப்புக்குப் பயன்படும் கைத்தொலைபேசி ஆகியவற்றை 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றி, 2.4ஐக் கேமராவுக்கும் வைஃபையில் இயங்கும் மின்குமிழுக்கும் விட்டுவிடுவது நெருக்கமான ஊர்களில் பெரிய நிம்மதியைத் தரும்.

இனி, முன்பு சொன்ன தாமதத்தின் விடயம். ஒரு வீட்டின் தேவையைக் கணக்கிட்டால் அது பலர் நினைப்பதைவிடக் குறைவு. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் முழு எச்டி படத்துக்கு 5 மெகாபிட்டும் 4கே படத்துக்கு 15 மெகாபிட்டும் போதும் என்கிறது. ஒரு காணொளி வகுப்புக்கு 3 அல்லது 4 மெகாபிட் போதும். நெருக்கடி வருவது பெரும்பாலும் மேலேறும் பாதையில். இறங்கு வேகத்தைவிட ஏற்று வேகம் மிகக் குறைவாக உள்ள பொதிகளில், ஒரு கைத்தொலைபேசி கலியாண வீட்டுக் காணொளியை மேலேற்றத் தொடங்கினால் அந்தப் பாதை நிரம்பி, மோடத்தில் நீண்ட வரிசை உருவாகிறது. அதன் கடைசியில் நிற்கும் மற்றவரின் குரலும் படமும் தாமதமாகின்றன. எஸ்கியூஎம் எனப்படும் வரிசை முகாமை உள்ள ரவுட்டர், அந்த வரிசையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, குரல் போன்ற சிறு தரவுத் துண்டுகளைப் பெரிய கோப்புகளின் பின்னால் தேங்கவிடாமல் அனுப்பும். விபரத்தாளில் எஸ்கியூஎம், எஃப்கியூ-கோடெல், கேக் என்ற பெயர்களில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அல்லது ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருளை ஏற்கும் பெட்டியைத் தெரிவுசெய்யுங்கள். இயக்கியபின் ஏற்று வேகத்தையும் இறங்கு வேகத்தையும் நீங்கள் அளந்ததில் 85 முதல் 90 வீதமாகப் பதியவேண்டும். உச்ச வேகத்தில் சிறிது இழப்பு வரும். ஆனால் அழைப்புகள் உறையமாட்டா. வகுப்பும் வெளிநாட்டு அழைப்புகளும் அன்றாடம் உள்ள வீட்டுக்கு, பெட்டியில் அச்சிட்ட எந்தப் பெரிய எண்ணைவிடவும் இந்த ஒரு வசதிக்கே நான் முதலிடம் கொடுப்பேன். 4ஜி இணைப்பில் வேகம் நேரத்துக்கு நேரம் மாறுவதால் அந்த அளவைச் சற்றுக் குறைத்தே வைக்கவேண்டும்.

சுவர், பிளேட், வளவு

எங்கள் வீடுகளின் செங்கல் மற்றும் சீமெந்துக் கற் சுவர்கள் ஒவ்வொன்றும் 5 கிகாஹேர்ட்ஸ் அலையைக் கணிசமாகத் தின்றுவிடும். இரண்டு மூன்று சுவர்களுக்கு அப்பால் எஞ்சுவது சொற்பம். கம்பி கட்டிப் போட்ட கொங்கிறீட் பிளேட் அதைவிடப் பெரிய தடை. ஓட்டுக் கூரையும் அஸ்பெஸ்டஸ் கூரையும் பெரிதாகத் தடுப்பதில்லை. இரும்பு அலுமாரி, குளிர்சாதனப் பெட்டி, பெரிய நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தாங்கி ஆகியவற்றின் பின்னால் அலை நிழல் விழும். ஆகவே முதலாவது பெட்டியை வீட்டின் நடுவில், ஓர் ஆளின் உயரத்தில், திறந்த தட்டில் வையுங்கள். ஃபைபர் பெட்டி முன் சுவரில் இருந்தாலும் அங்கிருந்து பத்து மீற்றர் கேபிள் இழுப்பது சிறிய செலவு. அன்டெனாவிலிருந்து அலை பக்கவாட்டில்தான் அதிகம் பரவும் என்பதால், மேல்மாடிக்கும் எட்டவேண்டுமாயின் ஒன்றிரண்டு அன்டெனாக்களைக் கிடையாகச் சரித்துவிடலாம்.

இரண்டாவது பெட்டி என்றதும் சுவர்ப் பிளக்கில் செருகும் மலிவான ரிப்பீட்டரைக் கடையில் காட்டுவார்கள். அது ஒரே அலையில் வாங்கி அதே அலையில் திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகிவிடும். காற்றில் நெருக்கடியும் கூடும். ஒரே வலையமைப்பாக இயங்கும் மூன்று பெட்டிகள் கொண்ட மெஷ் தொகுதி அழகாக இருக்கும். ஆனால் கற்சுவர்களுக்கு ஊடாக அவை ஒன்றோடொன்று காற்றிலேயே பேசுவதாயின் அதே குறை சற்றுக் குறைந்த அளவில் தொடரும். இரண்டு பெட்டிகளையும் கேபிளால் இணைத்து, இரண்டாவதை வைஃபையை மட்டும் பரப்பும் அக்சஸ் பொயின்ற் முறையில் இயக்கி, இரண்டுக்கும் ஒரே வைஃபைப் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால், விறாந்தையிலிருந்து பின் வளவுக்கு நடக்கும்போது கைத்தொலைபேசி தானாக மாறிக்கொள்ளும். ஒரே நிறுவனத்தின் பெட்டிகளாகவும் பெட்டி மாறுவதை விரைவாக்கும் 802.11கே, வி, ஆர் ஆகிய வசதிகள் உள்ளவையாகவும் இருந்தால் அந்த மாற்றம் அழைப்பின் நடுவிலும் உணரப்படாது.

கேபிளில் மட்டும் மலிவைத் தேடாதீர்கள். கேட் 5ஈ வகையே 100 மீற்றர்வரை கிகாபிட் வேகத்தைத் தாங்கும். கேட் 6 கிடைத்தால் நல்லது. ஆனால் சந்தையில் அலுமினியக் கம்பிக்குச் செப்புப் பூச்சிட்ட கேபிள்களும் விற்கின்றன. ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் வேண்டாம். அது முறிவதும் கடற்காற்றில் அரிபடுவதும் விரைவாக நடக்கும். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் பூச்சுக்கு முன்பே ஒவ்வொரு மாடிக்கும் ஒரு பிவிசி குழாயைச் சுவருக்குள் விட்டு வைத்தால், பின்னாளில் உடைக்கவேண்டிய தேவை வராது. மின்கம்பி போகும் குழாய்க்குள் இதை நுழைக்கவேண்டாம்.

ஒரே வளவிலுள்ள இரண்டு தனி வீடுகளுக்கு இடையே இணைக்கும்போது ஓர் எச்சரிக்கை அவசியம். வெளியில் தொங்கும் செப்புக் கேபிளில் இடிமின்னலின் தாக்கம் ஏறி இரு பக்கத்துப் பெட்டிகளையும் எரித்துவிடலாம். அந்தத் துண்டுக்கு மட்டும் ஃபைபர் கேபிளும் இரு முனைகளிலும் ஒளியை மின் சமிக்ஞையாக்கும் மாற்றிகளும் போடுவது பாதுகாப்பானது, ஏனென்றால் உலோகம் கலவாத கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. கேபிள் இழுக்கவே முடியாத இடத்தில், இரு வீட்டுச் சுவரிலும் ஒன்றையொன்று நேராகப் பார்க்கும் வெளிப்புற வைஃபைப் பால இணைப்பு போதுமானது.

மின்சாரம், மின்னல், உப்புக்காற்று

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். இன்று அந்த நிலை இல்லை. ஆனால் மழைக்காலத்தில் ஒன்றிரண்டு மணி நேரத் தடங்கல் இன்னும் வழமை. ரவுட்டருக்கென்று விற்கும் சிறிய டிசி யூபிஎஸ் வாங்கும்போது, அடப்டரில் எழுதியுள்ள வோல்ட் அளவு பொருந்தவேண்டும். யூபிஎஸ் தரும் அம்பியர் அடப்டரின் அம்பியருக்குக் குறையாமல் இருக்கவேண்டும். பிளக்கின் துளை அளவும் ஒத்துப்போகவேண்டும். 10,400 மில்லி அம்பியர் மணி என்று எழுதியிருந்தால் அது 3.7 வோல்ட் மின்கலக் கணக்கு, அதாவது ஏறத்தாழ 38 வாட் மணி. மாற்றத்தில் இழப்பைக் கழித்தால் 32 அளவில் நிற்கும். ரவுட்டர் 10 வாட்டும் ஃபைபர் பெட்டி 8 வாட்டும் எடுத்தால் ஒன்றே முக்கால் மணி நேரம் தாங்கும். ரவுட்டரை மட்டும் யூபிஎஸ்ஸில் போட்டு ஃபைபர் பெட்டியை மறந்தால், வைஃபை இருக்கும், இணையம் இருக்காது.

ஏப்ரலிலும், ஒக்ரோபர் நவம்பரிலும், மாலையில் இடி முழங்கத் தொடங்கினால் மின் பிளக்கை மட்டுமன்றி, செப்புத் தொலைபேசிக் கம்பி உள்ளவர்கள் அதையும் கழற்றிவிடவேண்டும். மோடங்கள் எரிவது பெரும்பாலும் அந்தக் கம்பி வழியாகத்தான். கடலோரத்தை அண்டிய வீடுகளில் கடலைப் பார்த்த யன்னலோரத்தில் பெட்டியை வைத்தால் துளைகளின் உலோக முனைகளில் உப்பு படிந்து பச்சை பிடிக்கும். காற்றோட்டமுள்ள, ஆனால் நேரடிக் கடற்காற்று படாத உட்சுவரே ஏற்ற இடம். சூடு தேடி எறும்புகள் குடியேறும் வழக்கமும் உண்டு. மாதம் ஒருமுறை பெட்டியைத் தட்டிப் பார்ப்பது நல்லது.

வாங்கும்போதும் பொருத்திய அன்றும்

பெட்டியில் மாதிரிப் பெயரோடு வி1, வி2 போன்ற பதிப்பு எண்ணும் இருக்கும். ஒரே பெயரில் வேறு வேறு உட்பாகங்களுடன் விற்பது இந்தத் தொழிலில் சாதாரணம் என்பதால், இணையத்தில் வாசித்த மதிப்புரை எந்தப் பதிப்பைப் பற்றியது என்று ஒப்பிடுங்கள். இலங்கையில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் பெற்ற, உள்ளூரில் உத்தரவாதம் உள்ள பெட்டியையே தெரிவுசெய்யுங்கள். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது சில நூறு ரூபா மலிவாக இருந்தாலும், அடப்டர் போனால் கேட்க ஆளிருக்காது. அந்த மாதிரிக்குப் பாதுகாப்பு மேம்படுத்தல்கள் இன்னும் வருகின்றனவா என்று தயாரிப்பாளரின் தளத்தில் கடைசி மேம்படுத்தல் திகதியைப் பாருங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளாக எதுவும் வராத மாதிரி எவ்வளவு மலிவாயினும் தவிர்க்கவேண்டியது.

பொருத்திய அன்றே நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி, டபிள்யூபிஎஸ் என்ற பொத்தான் இணைப்பை நிறுத்துங்கள். அதன் இலக்க முறையிலுள்ள பலவீனம் 2011இலேயே வெளிவந்துவிட்டது. வைஃபையின் பாதுகாப்பை டபிள்யூபிஏ2 என்ற பழைய முறையும் டபிள்யூபிஏ3 என்ற புதிய முறையும் கலந்ததாக வையுங்கள், ஏனெனில் டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் வீட்டுப் பெரியவர்களின் பழைய கைத்தொலைபேசிகள் இணையமாட்டா. கேமராக்கள், ஆன்ட்ராய்ட் தொலைக்காட்சிப் பெட்டிகள், விருந்தாளிகளின் கைத்தொலைபேசிகள் ஆகியவற்றுக்கு விருந்தினர் வலையமைப்பைத் தனியாகத் திறந்து, கணினிகள் உள்ள வலையமைப்பிலிருந்து பிரித்துவிடுங்கள். எந்தச் சாதனம் எவ்வளவு டேட்டா எடுத்தது என்று காட்டும் பக்கம் ரவுட்டரில் இருந்தால் முதல் வாரம் முழுவதும் அதைக் கவனியுங்கள். மேகச் சேமிப்புக்கு இரவு பகலாகப் படம் அனுப்பும் ஒரு கேமரா, மாத அளவில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டிருப்பது அப்போதுதான் தெரியவரும். அதை அசைவு இருக்கும்போது மட்டும் பதியும்படியும், பதிவை வீட்டிலுள்ள நினைவக அட்டையில் வைக்கும்படியும் மாற்றிவிடலாம். மேம்படுத்தல்களைத் தானாக எடுக்கும் நேரத்தை அதிகாலை மூன்று மணிக்கு வைத்தால், வகுப்பின் நடுவே ரவுட்டர் அணைந்து எழும்பாது.